விருது வாங்கிய படம் நம் ஊர்த் தியேட்டருக்கு ஏன் வருவதில்லை?

2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் பி.எஸ். வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' அந்த விழாவின் உயரிய பரிசான டைகர் விருதை வாங்கியது. அந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுதான். அதே வருடம் அக்டோபரில் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பும் படமாகவும் தேர்வானது. மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் காட்டில், கொளுத்துகிற வெயிலில் ஒரு குடிகாரத் தகப்பனும் மகனும் நடந்துபோகும் கதை. மேலூர்க்காரர்கள் அதைப் பார்க்க எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? 2 வருடம் 8 மாதம். 2023 அக்டோபர் 27-ல் சோனிலிவ் ஓடிடியில்தான் வந்தது, ஊர்த் தியேட்டர்களில் பரவலாக வெளியாகவே இல்லை.

இது ஒரு படத்துக்கு நேர்ந்த விபத்தா என்றால், இல்லை. செழியனின் 'டு லெட்' 2017 நவம்பரில் கொல்கத்தா விழாவில் விருது வாங்கியது, மறு வருடம் தேசிய விருதும் கிடைத்தது, தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். வசந்தின் 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்' 2018-லேயே மும்பை விழாவில் திரையிடப்பட்டுவிட்டது, பொதுமக்கள் பார்த்தது 2021 நவம்பரில், அதுவும் ஓடிடியில்.

இப்படி ஒவ்வொரு முறையும் இரண்டு பதில்கள் சுற்றி வருகின்றன. ஒன்று, "ஜனங்க இந்த மாதிரிப் படமெல்லாம் பார்க்க மாட்டாங்க." இன்னொன்று, "தியேட்டரெல்லாம் நாலு பேர் கையில இருக்கு." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அடியில் இருக்கிற காரணம் வேறு. டிஜிட்டல் கேமரா வந்த பிறகு படம் எடுக்கிற செலவு குறைந்துவிட்டது. எடுத்த படத்தை ஊருக்குக் காட்டுகிற செலவு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரு சுயாதீன இயக்குநர் சினிமாத் தொழிலோடு மோதுகிற இடம் அங்கேதான் இருக்கிறது. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

சுயாதீனப் படம் என்றால் எது?

குறைந்த செலவில் எடுத்ததெல்லாம் சுயாதீனப் படம் ஆகிவிடாது. 2 கோடியில் எடுக்கும் ஒரு பேய்ப்படம் சிறு முதலீட்டு வணிகப் படம். அதில் பாட்டு எத்தனை, காமெடியன் யார், எந்த டிவிக்குப் போகும் என்பதெல்லாம் கதை எழுதும்போதே முடிவாகிவிடும். சுயாதீனப் படம் என்பது இந்தக் கேள்விகளை வியாபாரியிடம் கேட்காமல் எடுக்கப்படுவது. கதை எப்படி முடிய வேண்டும், யார் நடிக்க வேண்டும், எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்பதை எடுப்பவரே தீர்மானிக்கிறார்.

இந்தச் சுதந்திரத்துக்கு உடனடியாக ஒரு விலை உண்டு. வியாபாரியிடம் கேட்காமல் எடுத்ததால், எடுத்து முடிக்கும்வரை வியாபாரியும் பணம் தர மாட்டார். பெரிய நடிகர் படத்துக்குப் படப்பிடிப்பு முடிவதற்கு முன்பே சேட்டிலைட் (டிவி), டிஜிட்டல் (ஓடிடி), ஆடியோ உரிமைகள் விற்றுவிடும், வந்த அட்வான்ஸை வைத்தே படத்தை முடித்துவிடலாம். சுயாதீனப் படத்தில் மனைவியின் நகை, நண்பர்களின் சேமிப்பு, சொந்த வீட்டுப் பத்திரம் இவைதான் அட்வான்ஸ். 'டு லெட்' படத்தின் தயாரிப்பாளர் செழியனின் மனைவி பிரேமா. எந்தக் கம்பெனியும் அதை எடுக்கவில்லை, குடும்பம் எடுத்தது.

பைனான்சியரிடம் போனால் இன்னொரு சிக்கல். வட்டி மாதக் கணக்கில் ஏறும், பிணையாக 'நெகட்டிவ் உரிமை' எழுதித் தர வேண்டும். நெகட்டிவ் என்ற பொருளே இல்லாமல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் படத்தின் மூல உரிமைக்குக் கோடம்பாக்கத்தில் இன்னும் அதுதான் பேர். படம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அந்த உரிமை இயக்குநர் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. விழாக்களுக்குப் போகிற படமோ தாமதமாகித்தான் தீரும்.

விழா, தணிக்கை, ஒரு ஆட்டுக்குட்டி

படம் முடிந்ததும் மூன்று வேலைகள் வருகின்றன.

1. விழா. பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் பெரும்பாலும் 'உலகின் முதல் திரையிடல்' தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று கேட்கும். ஆகவே அதற்கு முன் ஊரில் வெளியிட முடியாது. ஒரு விழா மறுத்தால் அடுத்த விழாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், ஒரு வருடம் இப்படியே கழிந்துவிடும். பதிலுக்குக் கிடைப்பது பெயர், சில நேரம் பணம். டைகர் விருதுக்கு 40,000 யூரோ பரிசுத்தொகை உண்டு, இயக்குநரும் தயாரிப்பாளரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு படத்தைப் பரவலாக வெளியிட அது பெரிய தொகை கிடையாது.

2. தணிக்கை. தியேட்டரில் காட்டவும் தேசிய விருதுக்கு விண்ணப்பிக்கவும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். வாரியம் மறுத்தால் முன்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' 2011-ல் மறுக்கப்பட்டு, அந்தத் தீர்ப்பாயத்தில்தான் அனுமதி பெற்றது. 2021 ஏப்ரலில் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டார்கள். இப்போது மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றம். பெரிய கம்பெனிக்கு வக்கீல் ஏற்கெனவே இருக்கிறார், சுயாதீன இயக்குநருக்கு அது இன்னொரு கடன். ஆகவே பலர் சண்டை போடாமல், வாரியம் சொல்லும் வெட்டுக்குச் சம்மதித்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் அதிக வருத்தம், ஏனென்றால் வெளியில் யாருக்கும் தெரியாமல் நடக்கிற இழப்பு இது.

3. விலங்குகள் நல வாரியச் சான்று. படத்தில் ஆடு, மாடு, நாய் நடித்திருந்தால் இது கட்டாயம். நோக்கம் சரியானது, விலங்கை வதைக்கக் கூடாது. ஆனால் கிராமத்தில் எடுக்கும் படத்தில் ஆடு குறுக்கே போகாமல் எப்படி இருக்கும்? சென்னையில் இருந்த அந்த வாரியத்தின் அலுவலகம் 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. நகரத்து அடுக்குமாடிக் கதைக்கு இல்லாத ஒரு கூடுதல் கோப்பு, மேய்ச்சல் காட்டுக் கதைக்கு இருக்கிறது.

தியேட்டருக்குப் போகும் நான்கு பாதைகள்

தமிழ்நாட்டு விநியோகம் ஏரியாக்களாகப் பிரிந்தது. சென்னை சிட்டி, செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வியாபாரம். படத்தைக் கொடுக்கும் முறைகள் இவை:

1. அவுட்ரைட்: மொத்த விலைக்கு விற்றுவிடுவது. லாபமோ நஷ்டமோ வாங்கியவருக்கு.
2. எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி: குறைந்தபட்சத் தொகையை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். அதற்கு மேல் வசூலானால் பங்கு.
3. டிஸ்ட்ரிபியூஷன்: விநியோகஸ்தர் முன்பணம் எதுவும் தர மாட்டார், தன் உழைப்புக்குக் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். விளம்பரச் செலவு தயாரிப்பாளருடையது.
4. சொந்த வெளியீடு: தயாரிப்பாளரே தியேட்டர் தியேட்டராகப் பேசி வெளியிடுவது.

முதல் இரண்டும் முகம் தெரிந்த நடிகர் இருக்கும் படங்களுக்கு. சுயாதீனப் படத்துக்குக் கிடைப்பது மூன்றாவதும் நான்காவதும்தான். இந்த இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: தியேட்டர், விநியோகஸ்தர், போஸ்டர் அச்சடித்தவர், தியேட்டருக்குப் புரொஜக்டர் போட்டுக் கொடுத்த டிஜிட்டல் கம்பெனி எல்லோரும் தங்கள் பணத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் படம் எடுத்தவருக்கு வரும்.

ஒரு கணக்கு

சும்மா சொன்னால் புரியாது, ஒரு கற்பனைப் படத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

வரியெல்லாம் போக ஒரு டிக்கெட்டுக்கு 100 ரூபாய் நிற்கிறது. தியேட்டருக்குப் பாதி, மீதி 50. விநியோகஸ்தர் அதில் 10 சதவீதம் கமிஷன் எடுத்தால் நிற்பது 45.

படம் 40 திரைகளில் வருகிறது. அந்த டிஜிட்டல் கம்பெனிக்குக் கட்டும் கட்டணம் திரைக்கு 10,000 என்றால் 4 லட்சம். போஸ்டர், பத்திரிகை, இணைய விளம்பரம் எல்லாம் சேர்த்து, கையைச் சுருக்கிக்கொண்டு, 20 லட்சம். மொத்தம் 24 லட்சம்.

24 லட்சத்தை 45-ஆல் வகுத்தால் சுமார் 53,300 டிக்கெட். 40 திரைகளில் தினம் 2 காட்சி, 7 நாள் என்றால் 560 காட்சிகள். ஆக ஒவ்வொரு காட்சிக்கும் 95 பேர் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக் காட்சிக்கும் 95 பேர்.

இதில் படம் எடுத்த செலவில் ஒரு ரூபாய் கூடத் திரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியிட்ட செலவு மட்டும்தான் திரும்பியிருக்கிறது. தவிர, 7 நாளும் 2 காட்சி கிடைக்கும் என்றுதான் கணக்குப் போட்டோம். நடைமுறையில் வெள்ளி, சனி கூட்டம் வரவில்லையென்றால் திங்கட்கிழமை காட்சி குறையும், அல்லது யாருமே வேலை விட்டு வர முடியாத நேரத்துக்குத் தள்ளப்படும். வாய்வழியாகப் பேர் பரவுவதற்கு ஒரு வாரமாவது பிடிக்கும், ஆனால் இந்தப் படங்களுக்கு அதைத் தவிர வேறு விளம்பரம் கிடையாது. பேர் பரவி நாம் தியேட்டரைத் தேடும்போது படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கியிருப்பார்கள். "நல்ல படம்னு சொன்னாங்க, போறதுக்குள்ள தூக்கிட்டாங்க" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்.

தியேட்டர்காரரையும் இங்கே வில்லனாக்க முடியாது. அவருக்கு ஏசி, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் 12 பேர் வந்தாலும் ஒன்றுதான், 300 பேர் வந்தாலும் ஒன்றுதான்.

டிஜிட்டல் கட்டணம் என்ற அந்த 10,000

மேலே கணக்கில் வந்த டிஜிட்டல் கட்டணத்துக்குத் தொழிலில் விபிஎஃப் என்று பெயர், அதாவது பிலிம் பிரிண்ட் போடும் செலவுக்குப் பதிலாக வாங்கும் கட்டணம். தியேட்டர்கள் பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியபோது புரொஜக்டரை க்யூப், யுஎஃப்ஓ போன்ற கம்பெனிகள் போட்டுக் கொடுத்தன. பிலிம் பிரிண்ட் போட்டால் ஒன்றுக்கு இவ்வளவு செலவாகியிருக்கும், இப்போது அது மிச்சம், அந்த மிச்சத்தில் ஒரு பகுதியை எங்களுக்குக் கொடுங்கள், புரொஜக்டர் விலை அடையும்வரை என்பதுதான் இதன் அடிப்படை. ஆரம்பத்தில் இது நியாயமாகவே இருந்தது. புரொஜக்டர் விலை அடைந்த பிறகும் ஏன் கட்டணம் தொடர்கிறது என்பதுதான் தயாரிப்பாளர்களின் கேள்வி. 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ 7 வாரம் தமிழ்நாட்டில் புதுப்படமே வராமல் வேலைநிறுத்தம் நடந்ததற்கு முக்கியக் காரணம் இந்தக் கட்டணம்தான். கட்டணம் குறைந்தது, ஒழியவில்லை.

பெரிய படத்துக்கு இது பத்தோடு பதினொன்றாகப் போய்விடும் செலவு. சின்னப் படத்துக்கோ ஒவ்வொரு திரையைச் சேர்க்கும்போதும் இது ஒரு தடை, ஏனென்றால் யாரும் வராத தியேட்டருக்கும் இதைக் கட்டியாக வேண்டும்.

ஓடிடி இருக்கிறதே?

2020, 21 ஊரடங்குக் காலத்தில் ஓடிடி நிறுவனங்கள் படங்களை நேரடியாக வாங்கின. இனிச் சின்னப் படங்களுக்குத் தியேட்டரே தேவையில்லை என்று அப்போது பலர் நம்பினோம். அப்புறம் கதை மாறியது. தியேட்டரில் வெளியாகிப் பேர் வாங்கிய படத்துக்குத்தான் விலை என்று ஆனது. தியேட்டருக்குப் போக முடியாததால்தானே ஓடிடியிடம் வந்தோம், அவர்கள் தியேட்டருக்குப் போய்விட்டு வாருங்கள் என்கிறார்கள். 10 தியேட்டரில் பேருக்கு 3 நாள் ஓட்டிவிட்டு ஓடிடிக் கதவைத் தட்டும் படங்கள் பெருகியது இதனால்தான்.

மொத்த விலைக்கு வாங்காத படத்துக்கு, பார்வையாளர்கள் பார்த்த நேரத்தைக் கணக்கிட்டுப் பணம் தரும் முறை இருக்கிறது. இதிலும் இயக்குநர் வரிசையில் கடைசி. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற விவரம் முழுக்க நிறுவனத்தின் கையில். முகப்பில் அந்தப் படத்தைக் காட்டுவதா, தேடினால்தான் வரும்படி உள்ளே வைப்பதா என்பதும் அவர்கள் கையில்.

கேமராவுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம்

இத்தனைக்கும் நடுவில் சில படங்கள் வெளியே வந்திருக்கின்றனவே, எப்படி? பட்டியலைப் பார்த்தால் ஒன்று புலப்படும். 'காக்கா முட்டை'க்கு தனுஷும் வெற்றிமாறனும். 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு விஜய் சேதுபதி. 'கூழாங்கல்'லுக்கு நயன்தாராவும் விக்னேஷ் சிவனும். வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி'க்கு சிவகார்த்திகேயன். திரையில் நட்சத்திரம் வேண்டாம் என்று எடுத்த படங்களுக்குக் கேமராவுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் தேவைப்பட்டிருக்கிறது.

இவர்கள் செய்தது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் பணம் போடாவிட்டால் இந்தப் படங்களில் சிலவற்றை நாம் பார்த்தே இருக்க மாட்டோம். ஆனால் இதனால் வரும் விளைவுகளையும் பார்க்க வேண்டும்.

1. எந்தப் படம் வெளிவரும் என்பது எந்த நடிகர் எப்போது எந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. அதே தரத்தில் இருந்து யார் கண்ணிலும் படாமல் போன படங்களை நாம் எண்ணுவதே இல்லை.

2. போஸ்டரில் அந்த நடிகரின் பெயரைப் பார்த்துத் தியேட்டருக்கு வருபவர் வேறு ஒரு படத்தை எதிர்பார்த்து வருகிறார். 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியானது. அதற்கு முன் பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட படம் அது. பின்னணி இசையே கிடையாது, முடிவைப் பார்வையாளரிடமே விட்டுவிடும். சூரி நடித்த, சிவகார்த்திகேயன் தயாரித்த படம் என்று வந்தவர்களில் ஒரு பகுதியினர் திகைத்துப்போனார்கள். இதைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்க வேண்டாம் என்று திரைத்துறைக்குள்ளிருந்தே குரல் எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நிசப்தத்தையும் ஆட்டோ சத்தத்தையும் நூறு பேரோடு இருட்டில் உட்கார்ந்து கேட்பதற்காகவே ஒலி அமைக்கப்பட்ட படம் அது, போனில் பார்த்தால் பாதிப் படம் காணாமல் போகும். தவறு படம் வந்ததில் இல்லை. பெரிய படத்தை வெளியிடும் அதே முறையில், ஒரே வெள்ளிக்கிழமையில், ஒரே மாதிரி விளம்பரத்தோடு இதையும் வெளியிடுவதைத் தவிர வேறு முறை நம்மிடம் இல்லாததில் இருக்கிறது.

3. படத்தின் உரிமை கைமாறுகிறது. இதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

வேறு வழிகள்

கேரளத்தில் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு ஊர் ஊராக மக்களிடம் பணம் திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்து, ஊர் ஊராகவே போய்க் காட்டியது. 2013-ல் கன்னடத்தில் பவன் குமார் இணையத்தில் பணம் திரட்டி 'லூசியா' எடுத்தார், அது தியேட்டரிலும் ஓடியது. இரண்டும் பார்வையாளரை முன்பே திரட்டிவிட்டு எடுத்தவை, அதனால் காட்டும்போது ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

அரசு வழியில், தமிழ்நாட்டில் தரமான சிறு முதலீட்டுப் படங்களுக்கு 7 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. பல ஆண்டுகளுக்கானது தேங்கிக் கிடந்து மொத்தமாகத் தரப்பட்டிருக்கிறது, அதற்குள் வட்டி 7 லட்சத்தைத் தாண்டியிருக்கும். கேரள அரசு பெண் இயக்குநர்களின் படங்களுக்கு ஒன்றரைக் கோடிவரை தன் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் வழியாகச் செலவிடுகிறது, 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்று சொந்தமாக ஓடிடியே தொடங்கியது. சினிமாவிலிருந்து முதலமைச்சர்கள் வந்த மாநிலம் நம்முடையது. அரசு நடத்தும் ஒரு சின்னத் திரையரங்குச் சங்கிலி, மாவட்டத்துக்கு ஒரு திரை, 100 இருக்கை என்று இருந்தால்கூட மேலே போட்ட கணக்கு முழுவதுமாக மாறிவிடும்.

கையெழுத்துப் போடும் முன்

இனி உரிமை விஷயம். இது தெரியாமல் படத்தை இழந்தவர்கள் அதிகம் என்பதால் நிதானமாகப் பார்க்கலாம்.

1. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு திரைப்படத்தின் 'ஆசிரியர்' தயாரிப்பாளர். இயக்குநர் அல்ல. இயக்குநரையும் சேர்க்கலாம் என்ற யோசனை 2010-ல் கொண்டுவந்த மசோதாவில் இருந்தது, 2012-ல் சட்டம் திருத்தப்பட்டபோது கைவிடப்பட்டது. ஆக, சொந்தக் காசில் எடுத்தவர் தயாரிப்பாளர் என்ற இடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், தன் படத்தின் மீது அவருக்குப் பதிப்புரிமை எதுவும் மிஞ்சாது.

2. திரைக்கதை தனி. அது இலக்கியப் படைப்பாகக் கருதப்படும், அதை எழுதியவருக்கு உரிமை உண்டு. தியேட்டர் தவிர்த்த மற்ற வழிகளில் படம் பயன்படும்போது கிடைக்க வேண்டிய ராயல்டியை எழுத்தாளர் விட்டுக்கொடுக்க முடியாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. ரீமேக் உரிமை தனியாக விற்கக்கூடியது, அதையும் "இதர உரிமைகள்" என்ற சொல்லுக்குள் போட்டு எழுதி வாங்கிவிடுவார்கள்.

3. உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் எத்தனை காலத்துக்கு, எந்த இடத்துக்கு என்று இரண்டையும் எழுத வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உரிமையை வாங்கும் தரப்பு "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று மறக்காமல் எழுதுகிறது. 7 வருடம், 10 வருடம் என்று பேசிக் குறைக்க முடியும், கேட்டால்தான் குறையும்.

4. வாங்கியவர் படத்தை வெளியிடாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டால்? சட்டத்தின் 19-வது பிரிவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. எழுதி வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது தானாகவே காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. அந்தக் கடைசிச் சொற்களை வைத்துத்தான், பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று ஒரு வரியை நடுவில் எங்காவது சேர்த்துவிடுகிறார்கள். முப்பது பக்க ஆங்கிலத்தில் அது கண்ணிலேயே படாது. பேனாவை எடுக்கும் முன் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், ஒரு வருடத்தை ஒன்றரை வருடமாக்கிக் கேளுங்கள், வெளியிட வேண்டிய கடைசித் தேதியைப் போட்டே எழுதச் சொல்லுங்கள்.